சொல்லிச் செய்யவைக்கும் ஊதுகண்ணாடி: முதல்முறை ஆர்டர் கொடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு அல்லி இலையைக் கண்ணாடியில் ஊதித் தரச் சொல்லி ஆர்டர் கொடுத்தேன். தண்ணீரில் மிதக்கிற மாதிரி தட்டையான இலை, ஓரம் லேசாக மேலே மடிந்திருக்க வேண்டும், நடுவில் ஒரு நீர்த்துளி உருண்டு நிற்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான். அது ஒழுங்காக என் மேசைக்கு வந்து சேர 14 மாதம் ஆனது. முதல் இலை வீட்டுக்கு வந்த 19-ஆம் நாள் இரவு, யாரும் தொடாமலே, துளிக்கு அடியிலிருந்து விரிசல் விட்டது. அதே பட்டறையில் பேசிப் பேசி வாங்கிய இரண்டாவது இலை வழியிலேயே உடைந்து வந்தது. வேறு ஒருவரிடம் செய்யச் சொன்ன மூன்றாவது இலைதான் இப்போது என் முன்னால் இருக்கிறது. முதல் இரண்டையும் இழந்திருக்க வேண்டியதில்லை. எதைக் கேட்க வேண்டும், எதை எழுதி வாங்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. இலை, பூ, அலை, சிப்பி, ஜெல்லிமீன் என்று இயற்கையைப் பார்த்துச் செய்யும் ஊதுகண்ணாடிப் பொருள் ஒன்றை முதன்முதலாகச் சொல்லிச் செய்யவைக்கப் போகிறீர்கள் என்றால், கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. எந்த வேலை வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

'கைவேலைக் கண்ணாடி' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகள் விற்பனைக்கு வருகின்றன. உலையில் உருகிக் கிடக்கும் கண்ணாடியைக் குழாய் நுனியில் சுருட்டி எடுத்து ஊதுவது ஒன்று. விளக்குச் சுடரில், அதாவது டார்ச் எனப்படும் எரிவாயுச் சுடர்முனைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடிக் குச்சிகளையும் குழல்களையும் உருக்கி வடிவம் கொண்டுவருவது இன்னொன்று. அச்சில் ஊற்றியோ அழுத்தியோ வார்ப்பது மூன்றாவது. மூன்றிலும் அழகான பொருள்கள் உண்டு. ஆனால் விலை, நேரம், உடையும் தன்மை, ஏன் சுங்க வகைப்பாடு வரைக்கும் மூன்றுக்கும் வேறு வேறு.

குவளை, கிண்ணம், அலை, கூழாங்கல், ஜெல்லிமீனின் குடை, விரிந்த பெரிய இதழ் என்று உடம்பு அகன்று ஓடும் வடிவங்களுக்கு உலைவேலை பொருந்தும். பூச்சியின் கால், மகரந்தத் தண்டு, பெரணியின் சுருள் நுனி போன்ற நுணுக்கங்களுக்குச் சுடர்வேலைதான் சரி. ஹார்வர்டில் இருக்கும் பிளாஷ்கா அப்பா மகன் செய்த கண்ணாடிப் பூக்களின் படத்தைக் காட்டி "இதே மாதிரி ஊதித் தாருங்கள்" என்று உலைக்காரரிடம் கேட்பவர்கள் நிறைய. அவை சுடர்வேலை. உலைக்காரர் மறுத்தால் அவருக்குத் திறமை இல்லை என்று அர்த்தமில்லை, நீங்கள் போய் நின்ற வாசல் வேறு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'ஊதியது' என்றாலே அச்சில்லாமல் கையால் வந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அச்சுக்குள் விட்டும் ஊதுவார்கள். பொருளின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மெல்லிய நேர்க்கோடு ஒன்று தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் இரண்டு பாதி அச்சு சேர்ந்த இடம். அச்சு வேலை தப்பில்லை, கைவேலை விலை கொடுத்து அதை வாங்குவதுதான் தப்பு.

2. எது வேண்டும் என்பதைப் படமாகக் கொண்டு போங்கள்

வாயால் சொன்னால் போதாது. நிஜ இலையை நான்கு பக்கமிருந்தும் படமெடுங்கள்: மேலிருந்து, பக்கவாட்டில், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அப்புறம் கையில் வைத்து அளவு தெரிகிற மாதிரி ஒன்று. வெளிச்சத்துக்கு எதிரே எடுத்த படம்தான் முக்கியம். கண்ணாடியில் நிறம் என்பது ஒளி உள்ளே புகுந்து வெளியே வரும்போது தெரிவது. மேலே விழுந்து திரும்பும் ஒளியில் எடுத்த படத்தைக் காட்டினால் உங்களுக்குக் கிடைப்பது பெயின்ட் அடித்த மாதிரி ஒரு பச்சை.

கண்ணாடிக்குப் பிடித்தது வளைவு, பிடிக்காதது கூர்முனை. ரம்பப்பல் ஓரம், ஊசி மாதிரி காம்பு, காகிதம் போல மெலிந்த நுனி இவற்றை உலையில் கொண்டுவருவதும் சிரமம், கொண்டுவந்தபின் உடையாமல் காப்பதும் சிரமம். இயற்கையை அப்படியே நகலெடுக்கச் சொல்லாமல் அதன் அசைவை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். என் மூன்றாவது இலையில் நரம்புகள் பதினைந்து இருபது இல்லை, ஏழுதான். ஆனால் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போக அவை மெலிகிற விதம் அச்சு அசல் இலை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டறைகள் பெரும்பாலும் நிறத்தைத் தாங்களே உருக்குவதில்லை, அடர்நிறக் கட்டிகளாகவும் நொறுக்குகளாகவும் தூளாகவும் வாங்கி, நிறமில்லாத கண்ணாடியின் மேல் உருட்டி எடுக்கிறார்கள். கோபால்ட் நீலம் துளி சேர்த்தாலே ஆழமாக வரும், நம்பலாம். தங்கம் கலந்து வரும் ரோஜா நிறமும் சிவப்பும் மறுபடி சூடேற்றும்போதுதான் விழித்துக்கொள்ளும், சூடு மிஞ்சினால் பழுப்படித்துவிடும். வெள்ளி கலந்த நிறங்கள் சுடரில் காற்று கூடக் குறைய மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே "இந்த ரோஜாவின் இதே சிவப்பு" என்று பிடிவாதம் பிடித்தால் முயற்சிகளின் எண்ணிக்கை ஏறும், கூடவே செலவும். நிற மாதிரி ஒன்று சின்னதாக ஊதித் தரச் சொல்லிக் கேளுங்கள். காட்டுவதற்கு முன்னால் அதைத் தடிமனாக ஒரு இடத்திலும் மெலிசாக ஒரு இடத்திலும் இழுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரே நிறம் இரண்டு இடத்திலும் வேறு வேறு மாதிரி தெரியும்.

3. ஆளைத் தேர்ந்தெடுக்கக் கேட்க வேண்டிய கேள்விகள்

முடிந்த பொருள்களின் படங்களை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முடிந்தால் நேரில் போய் ஒரு மணி நேரம் வேலையைப் பாருங்கள், தூரமென்றால் வேலை நடக்கும் காணொளி கேளுங்கள். அப்புறம் இவற்றைக் கேளுங்கள்.

நீங்கள் பயன்படுத்தும் நிறமில்லாத கண்ணாடியும் நிறங்களும் ஒரே விரிவுக் கெழு கொண்டவையா? சூடானால் விரிந்து ஆறினால் சுருங்கும் அளவு கண்ணாடிக்குக் கண்ணாடி மாறும். உலைவேலையில் 96 என்று ஒரு எண் அடிக்கடி காதில் விழும், சுடர்வேலையில் மென்கண்ணாடிக்கு 104, போரோசிலிகேட் எனும் வன்கண்ணாடிக்கு 33. ஒத்துப்போகாத இரண்டு கண்ணாடியை ஒட்டினால் எவ்வளவு பொறுமையாக ஆறவைத்தாலும் ஒருநாள் பிரியும். எண் ஒன்றாக இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியென்று ஆகிவிடாது, ஆனால் அந்தக் கேள்விக்கே பதில் தெரியாதவரிடம் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

மிகத் தடிமனான இடம் எவ்வளவு வரும், அதற்கு எத்தனை மணி நேரம் ஆறவைப்பீர்கள்? இந்த ஒரு கேள்வி என் முதல் இலையைக் காப்பாற்றியிருக்கும். 6-ஆம் படியில் விவரமாகச் சொல்கிறேன்.

உடைந்தால் யார் பொறுப்பு? எத்தனை பேர் சேர்ந்து செய்வார்கள்? கையெழுத்து யாருடையது? கடைசிக் கேள்வி விசித்திரமாகப் படலாம். வடிவமைத்தவர் ஒருவர், ஊதியவர் இன்னொருவர் என்பது இந்தத் தொழிலில் சாதாரணம். ஒளிக்க வேண்டிய விஷயம் இல்லை, ஆனால் காகிதத்தில் இரண்டு பெயரும் இருக்க வேண்டும்.

4. உலை பற்றும் முன் எழுதி வாங்க வேண்டியவை

நான் கோட்டைவிட்டது இங்கேதான். முதல் ஆர்டருக்கு என்னிடம் இருந்தது முன்பணம் கட்டிய ரசீதும் நாலைந்து குறுஞ்செய்தியும் மட்டும். விரிசல் விட்டதும் "நீங்கள் வெயிலில் வைத்திருப்பீர்கள்" என்றார்கள். இல்லை என்று நிரூபிக்க என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை.

பக்கம் பக்கமாக ஒப்பந்தம் தேவையில்லை, ஒரே தாள் போதும். ஆனால் அதில் இவை எல்லாம் இருக்கட்டும்: வரைபடம், மூன்று அளவுகள், எவ்வளவு கூடக் குறைய வரலாம் என்ற வரம்பு. (கையால் செய்வது, ஆகவே அளவில் பத்து சதவீதம் முன்பின் வருவதை ஏற்றுக்கொள்வதுதான் நியாயம். அதற்கும் குறைவாக அடம்பிடித்தால் நல்ல கைக்காரர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.) நிற மாதிரியின் படம், தேதியோடு. எத்தனை முயற்சி விலைக்குள் அடங்கும். வேலையின்போதோ ஆறும்போதோ உடைந்தால் மறுபடி செய்வது யார் செலவில். உங்கள் கைக்கு வந்தபின் தானாக விரிசல் விட்டால் எத்தனை மாதம் வரை பொறுப்பேற்பார்கள். இந்தக் கடைசி வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஆறவைப்பதில் குறையிருந்தால் அது முதல் நாளே தெரியும் என்பதில்லை, வாரங்களோ மாதங்களோ கழித்து வெளிப்படலாம். நான் மூன்றாவது முறை ஆறு மாதம் கேட்டேன், அவர் தயங்காமல் ஒரு வருடம் என்று எழுதினார்.

முன்பணம் பாதி, பொருள் முடிந்து படம் பார்த்தபின் மீதி என்பது இருவருக்கும் சரிப்படும். முழுப்பணமும் முதலிலேயே கேட்டால் காரணம் கேளுங்கள்.

வடிவமைப்பு உரிமையையும் பேசிவிடுங்கள். பொருளை வாங்குவதால் அந்த வடிவத்தின் உரிமை தானாக உங்களுக்கு வந்துவிடாது. அதே இலையை அவர் இன்னும் பத்துப் பேருக்குச் செய்யலாமா கூடாதா என்பது எழுதினால்தான் உண்டு.

பூக்கிண்ணம், தட்டு மாதிரியான பொருள் என்றால் அது அலங்காரத்துக்கு மட்டுமா, உணவு வைக்கலாமா என்பதையும் எழுதி வாங்குங்கள். பிரகாசமான மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் சிலவற்றில் காட்மியம் இருக்கும். அலங்காரப் பொருளில் வெளியே தெரிவதால் ஒன்றும் ஆகாது, ஆனால் நாளைக்கு வீட்டில் யாராவது அதில் ஊறுகாய் வைத்துவிடுவார்கள்.

5. பணம் எங்கே போகிறது

விலையைக் கேட்டதும் "ஒரு கைப்பிடி மணலுக்கா இவ்வளவு" என்று தோன்றும். மூலப்பொருள் இதில் சின்னப் பங்கு. உருக்கும் உலையை வேலை முடிந்ததும் அணைத்துவிட முடியாது, இரவும் பகலும் 1,100 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் எரிந்துகொண்டே இருக்கும். அந்த எரிபொருள் செலவுதான் முதல் சுமை. அடுத்தது ஆட்கள். குழாய் நுனியில் இரண்டு மூன்று கிலோ கண்ணாடி தொங்கும்போது ஒருவர் சுழற்ற, ஒருவர் ஊத, இன்னொருவர் ஒட்டுக்கண்ணாடி கொண்டுவர வேண்டும். மூன்றாவது, உடைந்துபோன முயற்சிகள். நீங்கள் பார்க்கும் ஒன்றுக்குப் பின்னால் பார்க்காத ஒன்றோ இரண்டோ இருக்கும், அவையும் விலைக்குள்தான். நான்காவது ஆறிய பின் அடியைத் தேய்த்து மெருகேற்றும் குளிர்வேலை. கேமியோ மாதிரி நிற அடுக்குகளைச் செதுக்கி இலையும் பூவும் வெளிக்கொண்டுவருவது என்றால் ஊதியதை விட இதற்குத்தான் கூலி அதிகம்.

விலைப்பட்டியலை இப்படிப் பிரித்துக் கேளுங்கள்: வடிவமைப்பு, மாதிரி, ஊதும் நாள், குளிர்வேலை, பேக்கிங், அனுப்பும் செலவு, காப்பீடு. மொத்தமாக ஒரே எண் சொன்னால் பின்னால் பேக்கிங் தனி, மரப்பெட்டி தனி என்று வரும். வேறு நாட்டிலிருந்து வருகிறதென்றால் சுங்கமும் வரியும் அவற்றைக் கையாளும் கட்டணமும் மேலே. எனக்குப் பொருளின் விலையில் மூன்றில் ஒரு பங்கு இந்த மேல்செலவுக்கே போனது. முதலிலேயே அந்தப் பங்கை ஒதுக்கி வைத்திருந்தால் நடுவில் திண்டாடியிருக்க மாட்டேன்.

செலவைக் குறைக்க வழி உண்டா என்றால், உண்டு. அளவைக் குறையுங்கள். ஒரு ஆள் தனியாகக் கையாளக்கூடிய அளவுக்குள் வந்தால் விலை சட்டென்று இறங்கும். நிறத்தை அவர் ஏற்கெனவே வழக்கமாகச் செய்யும் நிறங்களிலிருந்து எடுங்கள். ஆறவைக்கும் நேரத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்.

6. காலக்கணக்கு: ஊதுவது அரை மணி, ஆறுவது நாள்கணக்கு

என் மூன்றாவது இலையின் கணக்கு இது. வரைபடம் பேசி முடிக்க 2 வாரம், நிற மாதிரிக்கு 3 வாரம், வரிசையில் காத்திருப்பு 9 வாரம், ஊதியது ஒரே காலை (முதல் முயற்சி ஓரம் கிழிந்து, இரண்டாவது வந்தது), ஆறவைத்தது இரண்டரை நாள், குளிர்வேலை ஒரு வாரம், பயணம் 12 நாள். ஏறத்தாழ நான்கு மாதம். ஒரு பிறந்தநாளுக்கோ திறப்பு விழாவுக்கோ வேண்டுமென்றால் ஆறு மாதம் முன்னால் தொடங்குங்கள். பட்டறைகள் வருடத்தில் சில வாரங்கள் உலையை அணைத்துப் பழுது பார்ப்பார்கள், அந்த இடைவெளி எப்போது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறவைப்பதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சூடான கண்ணாடியைச் சும்மா மேசையில் வைத்தால் வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும், உள்பக்கம் பின்னால் சுருங்கும். வெளியே இறுகியது அதற்கு வழிவிடாது. அந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடும். அதைத் தவிர்க்கத்தான் செய்து முடித்த பொருளை உடனே இன்னொரு உலையில் வைத்து, சாதாரண ஊதுகண்ணாடி என்றால் 500 டிகிரிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி, அங்கிருந்து மெதுவாக இறக்குகிறார்கள். தொழிலில் இதை அனீலிங் என்பார்கள். மெல்லிய குவளைக்கு ஓர் இரவு போதும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு ஆகாது, ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகும்.

இப்போது என் முதல் இலையைப் பாருங்கள். இலை மெல்லியது, 5 மில்லிமீட்டர் கூட இல்லை. அதன் நடுவில் உட்கார்ந்த நீர்த்துளியோ நெல்லிக்காய் அளவுக்குத் திரண்ட கட்டிக்கண்ணாடி. மற்ற குவளைகளோடு சேர்த்து அதையும் ஓர் இரவு ஆறவைத்து எடுத்துவிட்டார்கள். இலைக்கு அது போதும், துளிக்குப் போதாது. விரிசல் துளிக்கு நேர் கீழே பிறந்து ஓரம் வரை ஓடியது. மூன்றாமவரிடம் வரைபடத்தைக் காட்டியபோது அவர் முதலில் கேட்டது நிறத்தைப் பற்றி இல்லை, "துளி எவ்வளவு தடிமன் வரும்?" என்பதுதான். உட்கார்ந்து கணக்குப் போட்டு, அதற்காக உலையைத் தனியாக ஓட்ட வேண்டும், அந்தச் செலவு சேரும் என்றார். சந்தோஷமாகக் கொடுத்தேன்.

ஆகவே "நாளைக்கே வேண்டும்" என்று அவசரப்படுத்தாதீர்கள். யாராவது "அதெல்லாம் சீக்கிரம் எடுத்துத் தந்துவிடலாம்" என்று சொன்னால் அது நல்ல செய்தி இல்லை.

7. கையில் வாங்கும்போது சோதிப்பது

மீதிப் பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள், கால் மணி நேரம்தான் ஆகும்.

முதலில் அடியைத் தடவிப் பாருங்கள். ஊதியபின் அடியில் இன்னொரு கம்பியை ஒட்டிப் பிடித்து, பொருளைக் குழாயிலிருந்து பிரித்தபின்தான் வாயை விரிப்பார்கள். அந்தக் கம்பி உடைந்த தழும்பு அங்கே இருக்கும், அல்லது அதைத் தேய்த்து மெருகேற்றிய குழிவு இருக்கும். கையைக் கிழிக்கிற முனை மட்டும் இருக்கக் கூடாது. மேசையில் வைத்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அடியைத் திரும்பத் தேய்த்துத் தரச் சொல்லலாம்.

குமிழிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். சின்னக் குமிழி கைவேலையின் இயல்பு. தேட வேண்டியது கல். உலைச் சுவரிலிருந்து உதிர்ந்ததோ உருகாமல் நின்றதோ ஆன வெள்ளைப் பொடி ஒன்று கண்ணாடிக்குள் சிக்கியிருக்கும், தொழில்காரர்கள் அதை ஸ்டோன் என்பார்கள். அது கண்ணாடியோடு சேர்ந்து விரியாது, சுருங்காது. அதைச் சுற்றி மயிரிழை மாதிரி கீறலோ பளபளப்போ தெரிந்தால் வாங்காதீர்கள்.

அப்புறம் இந்தச் சோதனை. யாராவது எனக்கு இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் நினைப்பேன். ஒரு மடிக்கணினியில் எல்சிடி திரையை முழுக்க வெள்ளையாக வையுங்கள். போலராய்டு குளிர்கண்ணாடி ஒன்றை எடுத்து, அதன் வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை கருத்துப்போகும். அங்கேயே நிறுத்துங்கள். இப்போது திரைக்கும் குளிர்கண்ணாடிக்கும் நடுவில் உங்கள் பொருளைப் பிடியுங்கள். இழுபறி இல்லாத கண்ணாடி கருப்பிலேயே கரைந்து நிற்கும். இழுபறி இருக்கும் இடம் பளிச்சென்று வெளுக்கும், அதிகமானால் எண்ணெய் படிந்த தண்ணீர் மாதிரி வானவில் நிறம் காட்டும். உடைந்த முதல் இலையின் துளித்துண்டை வைத்துப் பிறகு பார்த்தேன். துளியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம், அதன் ஓரத்தில் மஞ்சளும் ஊதாவும். மூன்றாவது இலையில் துளியின் அடியில் மங்கலாக ஒரு சாம்பல் பூச்சு மட்டும்தான். தடிமனான இடத்தில் அவ்வளவு மங்கல் இருப்பது சாதாரணம். அடர்ந்த, ஒளி புகாத நிறங்களில் இந்தச் சோதனை பலிக்காது, ஒளி கடந்தால்தான் தெரியும்.

வாங்கும் காகிதங்கள்: பில், செய்தவர் பெயரும் வருடமும் பொருளின் அளவும் படமும் கொண்ட கையொப்பச் சான்று, பராமரிப்புக் குறிப்பு. முரானோ கண்ணாடி என்று சொல்லி விற்றால் 'வெத்ரோ ஆர்டிஸ்டிகோ முரானோ' என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், இத்தாலியில் வெனிஸ் பக்கத்திலுள்ள அந்தத் தீவில் செய்த பொருளுக்காக வெனெட்டோ மாநில அரசு 1994 சட்டத்தின் வழியே ஏற்படுத்திய அடையாளம் அது. ஒட்டுச்சீட்டில் வெறுமனே முரானோ என்று எழுதியிருப்பதற்கு எந்த மதிப்பும் கிடையாது.

8. பேக்கிங், அனுப்புதல், சுங்கம்

இரட்டைப் பெட்டி இல்லாமல் அனுப்ப விடாதீர்கள். பொருளைச் சுற்றி மெத்தென்று கட்டி ஒரு பெட்டி, அந்தப் பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் மெத்தையோடு இன்னொரு பெட்டி. உள்பெட்டி வெளிப்பெட்டியின் சுவரை எங்கும் தொடக் கூடாது. கிண்ணம், குவளை என்றால் உள்ளேயும் நிரப்ப வேண்டும், ஆனால் திணிக்கக் கூடாது. நீட்டிக்கொண்டிருக்கும் இதழ், காம்பு இவற்றின் மேல் எடை விழாமல் உடம்பைத் தாங்கும்படி கட்ட வேண்டும். மூடும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மரப்பெட்டியில் எல்லை தாண்டி வருகிறதென்றால் பலகையில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்க வேண்டும். பூச்சி பரவாமலிருக்க மரத்தை, பெரும்பாலும் உள்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றி, பக்குவப்படுத்தியதற்கான அடையாளம் அது. முத்திரையில்லாத பச்சைப்பலகைப் பெட்டி துறைமுகத்தில் நின்றுவிடும். ஒட்டுப்பலகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

சுங்கத் தாளில் பொருளின் விவரம் சரியாக இருக்க வேண்டும். உலகம் முழுக்கப் பொதுவான வகைப்பாட்டில் உள்ளலங்காரக் கண்ணாடிப் பொருள்கள் 7013-இல் வரும், சுடர்வேலையில் செய்த சிலைகளும் அலங்காரங்களும் 7018-இல், மூலச் சிற்பம் என்று ஏற்கப்பட்டால் 9703-இல். வரி மூன்றுக்கும் ஒன்றாகவே இருக்கும் என்பதில்லை. அனுப்புபவர் ஏதோ ஒரு எண்ணைப் போட்டு, நீங்கள் இங்கே சண்டை போடுவதை விட அனுப்பும் முன்னாலேயே உங்கள் நாட்டுச் சுங்க முகவர் ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது. 'பரிசு' என்று எழுதி மதிப்பைக் குறைத்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது பொய்த்தகவல், தவிர உடைந்தால் அந்தக் குறைந்த மதிப்பைத்தான் காட்டுவார்கள்.

காப்பீட்டில்தான் பெரிய பொறி. பல கூரியர்கள் கண்ணாடியை ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் உடைசலுக்கு மட்டும் பொறுப்பேற்க மாட்டார்கள், விதிமுறையில் சின்ன எழுத்தில் இருக்கும். விமானச் சரக்காக வரும் பொருளுக்கு, மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் இடங்களில், மதிப்பைத் தனியாக அறிவிக்காவிட்டால் இழப்பீட்டின் உச்சம் எடையை வைத்துத்தான். 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்டிஆர், அதாவது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகில். இரண்டு கிலோ கண்ணாடி இலைக்கு அது எந்த மூலைக்கு? ஆகவே கலைப்பொருளுக்கான தனிக் காப்பீடு எடுங்கள், 'உடைசல் உட்பட' என்று எழுத்தில் வாங்குங்கள்.

9. பெட்டி வந்த நாள்

இரண்டாவது இலை வந்த அன்று பெட்டியைத் திறந்து உடைசலைப் பார்த்தேன். மனசு விட்டுப்போய் எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டேன். மூன்றாம் நாள் புகார் கொடுத்தபோது முதலில் கேட்டது பெட்டியை. இல்லை என்றதும் கோப்பை மூடிவிட்டார்கள்.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கையெழுத்துப் போடும் முன் பெட்டியின் ஆறு பக்கமும் படமெடுங்கள். நசுங்கல், நனைசல் இருந்தால் ரசீதிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். பிரிப்பதை முழுக்க ஒரே காணொளியாக எடுங்கள். உடைந்திருந்தால் துண்டுகள், மெத்தைகள், இரண்டு பெட்டிகள், ஒட்டிய சீட்டுகள் எதையும் வீசாதீர்கள். புகாரை அன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள். மேலே சொன்ன உடன்படிக்கைப்படி சரக்குச் சேதத்துக்கு, கையில் கிடைத்ததிலிருந்து 14 நாளுக்குள் எழுத்துப்பூர்வப் புகார் போக வேண்டும், கூரியர்களின் சொந்த விதிகள் இதைவிடக் குறுகியதாகவும் இருக்கலாம்.

குளிரான இடத்திலிருந்து வந்த பெட்டி என்றால் உடனே திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை சில மணி நேரம் விடுங்கள்.

10. வைக்கும் இடம்

நேர் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். கட்டியான உருண்டை வடிவங்களும் தண்ணீர் நிறைந்த கண்ணாடியும் வெயிலைக் குவித்து எதிரே இருக்கும் திரைச்சீலையைப் பொசுக்கக் கூடியவை, என் இலையின் துளிக்கே அந்தக் குணம் உண்டு. விளக்கு வைக்க விரும்பினால் சூடாகாத எல்இடி போதும். பின்னாலிருந்து அல்லது அடியிலிருந்து வெளிச்சம் வரட்டும், முன்னாலிருந்து அடித்தால் பளபளப்பு மட்டும் தெரியும், நிறம் எழாது. அடியில் அருங்காட்சியகங்களில் வைக்கும் மெழுகு நான்கு துளி வைத்து அழுத்திவிடுங்கள், அலமாரி அதிர்ந்தாலும் நகராது, வேண்டும்போது திருகினால் வந்துவிடும்.

துடைக்க வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். மேலே வானவில் மினுக்கம் ஏற்றிய பொருள் என்றால் அமோனியா கலந்த துடைப்பான்களையும் சொரசொரப்பான எதையும் தொடவிடாதீர்கள், மினுக்கம் வெறும் மேல்தோல்தான். சூடான தண்ணீரில் கழுவிய கையோடு குளிர்ந்த கல்மேடையில் வைக்காதீர்கள்.

அப்புறம் எல்லாக் காகிதங்களையும், அதாவது ஒற்றைத்தாள் ஒப்பந்தம், பில், கையொப்பச் சான்று, பேக்கிங் படங்கள், சுங்க ரசீது, காப்பீட்டுத் தாள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, போலராய்டு சோதனையின் படத்தையும் தேதியோடு அதிலேயே சேர்த்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து அதே சோதனையை இன்னொரு தடவை செய்து, பழைய படத்தோடு வைத்துப் பாருங்கள். புதிதாக எதுவும் வெளுத்துத் தெரிந்தால் உத்தரவாதக் காலம் முடியும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.